ஆடியில் முதல் பிறந்தநாள்: 80 பேர், 25,000 ரூபாய், ஒரு மொட்டை மாடி

சத்துவாச்சாரி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். எங்கள் மகனுக்கு வரும் ஆடி மாதத்தில் ஒரு வயது நிறைகிறது. என் கணவர் இராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். இந்த விழாவுக்கென்று எங்களால் ஒதுக்க முடிந்த தொகை 25,000 ரூபாய். அதற்கு மேல் செலவாகும் ஒவ்வொரு ரூபாயும் வட்டிக்கு வாங்கிய பணமாகவே இருக்கும் என்பதால், அந்த வரம்பைத் தாண்டுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம்.

அழைக்க வேண்டியவர்களின் பெயர்களை எழுதிப் பார்த்தால் 80 பேர் வருகிறார்கள்; அவர்களில் ஏறத்தாழ 20 பேர் குழந்தைகள். என் பிறந்த வீட்டார் ஆரணியிலிருந்தும் கலவையிலிருந்தும் வருவார்கள். கணவரின் உறவினர்கள் பெரும்பாலும் பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கம். நாங்கள் விசாரித்த ஒரு சிறிய மண்டபத்தில் அரை நாள் வாடகை 12,000 ரூபாய் என்றும், சாப்பாடு இலைக்கு 250 ரூபாய் என்றும் சொன்னார்கள். கேக், அலங்காரம், குழந்தைக்குத் துணி எதையும் சேர்க்காமலேயே அது 32,000 ரூபாய் ஆகிவிடுகிறது.

என் மாமியார் வேறு வழி சொல்கிறார். பிறந்தநாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் வார்க்கிறார்கள். எப்படியும் உறவினர்கள் வீட்டுக்கு வரப்போகிறார்கள். அன்றே மொட்டை மாடியில் பிறந்தநாளையும் வைத்துக்கொண்டால் இரண்டு செலவு ஒரு செலவாக முடியும் என்பது அவர் கணக்கு. என் அம்மாவோ, முதல் பேரப்பிள்ளையின் பிறந்தநாளைக் கூழோடு கூழாகக் கரைத்துவிடுவதா என்று வருந்துகிறார். இப்படிச் சேர்த்துச் செய்தவர்கள் இருந்தால், எந்த இடத்தில் செலவு குறையும், எந்த இடத்தில் மனத்தாங்கல் வரும் என்று சொல்லுங்கள். அசைவம் போடாவிட்டால் குடியாத்தத்தார் முகம் சுளிப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

குடியாத்தம் பெரியம்மா எழுதியது:

குழந்தைக்கு என் ஆசிகள். முகம் சுளிப்பவர்களின் ஊரிலிருந்துதான் எழுதுகிறேன் அம்மா.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. உறவினர் இரண்டு முறை பேருந்து ஏறி வர வேண்டியதில்லை என்பதும், வீட்டைக் கழுவிக் கோலம் போட்டுத் தோரணம் கட்டும் வேலை ஒரே நாளில் முடியும் என்பதும் உண்மையான மிச்சம். ஆனால் கூழ் வார்ப்பதற்கு ஒரு குணம் உண்டு. குவளையோடு வருகிற யாருக்கும் இல்லை என்று சொல்லக் கூடாது. அதைப் பிறந்தநாள் விருந்தோடு கலந்தால் 80 பேர் என்ற உங்கள் கணக்கு 150 ஆகும், வந்தவர்களைத் தடுக்கவும் முடியாது. எனவே நாளை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், இடத்தையும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். காலையில் கூழ் கோயிலில் முடியட்டும். உங்கள் வீட்டுப் பங்கைக் குடத்தில் கொண்டுபோய் அங்குள்ள அண்டாவிலேயே ஊற்றிவிடுங்கள். பகல் பன்னிரண்டரைக்கு மாடியில் பிறந்தநாள் என்று அழைத்தவர்களிடம் மட்டும் நேரத்தைச் சொல்லுங்கள்.

கூழுக்குப் பெரிய செலவில்லை. ஒரு கிலோ கேழ்வரகு மாவும் கால் கிலோ நொய்யும் இருபது பேருக்குப் போதும். மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்துவிட்டு, நொய்யை வேகவிட்டு அதில் ஊற்றிக் கிளற வேண்டும். மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய், முருங்கைக்கீரை இருந்தால் அம்மன் பங்கு நிறைவாகிவிடும். வீட்டாருக்குக் கருவாட்டுக் குழம்பு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை 80 பேர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் அம்மாவின் வருத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். மண்டபம் இல்லை என்பதில் அவருக்கு அத்தனை குறை இராது. கூழுக்கு வந்தவர்களைப் பிடித்துப் பிறந்தநாளுக்கு உட்காரவைத்தது போல் ஆகிவிடுமோ என்பதுதான் அவருடைய அச்சம். இரு வீட்டுப் பெரியவர்களையும் நீங்களும் கணவரும் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, பிறந்தநாளுக்கென்றே அழையுங்கள். கைப்பேசியில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டு மண்டபத்தில் சாப்பாடு போடுவதைவிட அது மேல் என்று என் தலைமுறையினர் சொல்வார்கள். ஆரணி, கலவைக்குப் போய்வரப் பேருந்துக் கட்டணம் ஆகும். ஊருக்குள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் மற்ற அழைப்புகளுக்கு உங்களுக்குச் செலவே இல்லை. மொட்டை அடிப்பதையும் காது குத்துவதையும் ஆவணிக்குத் தள்ளிவைத்துவிடுங்கள். பிறந்தநாளுக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை.

ஆடி என்பதால் உங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. திருமணங்கள் இல்லாத மாதம். பந்தல்காரர், பாத்திரம் வாடகைக்கு விடுபவர், சமையல்காரர் எல்லோரும் வேலைக்காகக் காத்திருப்பார்கள். தையில் சொல்லும் கூலியை ஆடியிலும் சொன்னால் பேரம் பேசத் தயங்காதீர்கள்.

ஆம்பூர் தேக்சா எழுதியது:

நான் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் விருந்துகளுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுப்பவன். ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு என்று பெரியம்மா வெளிப்படையாகச் சொல்லிவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை.

இலைக்கு 250 ரூபாய் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். பொருளை நீங்கள் வாங்கிக் கொடுத்து, சமையல்காரருக்குக் கூலி மட்டும் கொடுங்கள். சீரகச் சம்பா அரிசி ஒரு கிலோவுக்குப் பெரியவர்கள் பத்துப் பேர் என்று வைத்துக்கொண்டால், குழந்தைகளை அரை ஆளாகக் கணக்கிட்டு, உங்கள் 80 பேருக்கு 7 கிலோ அரிசி போதும். ஆட்டிறைச்சி கோழியின் விலையைப் போல மும்மடங்குக்கும் மேல் என்பதால் உங்கள் தொகைக்குள் அதை நினைக்க வேண்டாம். 9 கிலோ கோழி, எலும்போடு, சற்றே பெரிய துண்டுகளாக வெட்டி வாங்குங்கள். வெங்காயமும் தக்காளியும் இரண்டிரண்டு கிலோ, இஞ்சியும் பூண்டும் முக்கால் முக்கால் கிலோ, எண்ணெய் ஒன்றரை லிட்டர், தயிர் ஒரு லிட்டர், புதினா கொத்தமல்லி தாராளமாக. எங்கள் பக்கத்துப் பிரியாணிக்கு மிளகாய்த் தூள் போடுவதில்லை. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறமும் காரமும் தரும். மசாலாத் தூள் பொட்டலங்களுக்குக் கொடுக்கும் பணமும் அதனால் மிச்சம். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் பதம் வெந்ததும் வடித்து, கறியோடு சேர்த்து, மூடியின் மேல் தணல் போட்டு இருபது நிமிடம் தம் விட வேண்டும். பொருளும், கூலியும், தேக்சா என்னும் பெரிய சமையல் பாத்திரம், கரண்டி ஆகியவற்றின் வாடகையும் சேர்ந்து 10,000 ரூபாய்க்குள் முடியும் என்பது என் மதிப்பீடு.

தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கும் வெங்காயத் தயிர்ப் பச்சடியும் போதும். இவற்றோடு வறுவல், முட்டை, சுண்டல் என்று சேர்ப்பதில்தான் பலருடைய பணம் போகிறது. நேதாஜி மார்க்கெட்டில் வேலூர் முள் கத்தரிக்காய் கிடைத்தால் தொக்குக்கு அதையே வாங்குங்கள். அதற்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; அது கிடைக்காத காலத்திலும் நாங்கள் அதைத்தான் தேடி வாங்கினோம். பச்சடியைப் பரிமாறும் நேரத்தில் கலக்குங்கள், காலையிலேயே கலந்து வெயிலில் வைத்தால் புளித்து நீர்த்துவிடும். அசைவம் உண்ணாதவர்கள் பத்துப் பேர் இருந்தால் அவர்களுக்கு வீட்டுச் சமையலறையிலேயே தனியாகச் சாம்பார் சாதம் செய்துவிடுங்கள்; எங்கள் கரண்டி அங்கே வர வேண்டாம்.

முக்கியமான ஒன்று. மாடியில் விருந்து வையுங்கள், ஆனால் அங்கே விறகடுப்பு மூட்டாதீர்கள். தளத்தின் மேல் நேராகத் தீ எரிந்தால் அங்கே பதித்த தட்டோடும் சுண்ணாம்புப் பூச்சும் வெடித்து, அடுத்த மழைக்கு உள்ளே ஒழுகும். வீட்டு வாசலில் மணல் பரப்பிச் செங்கல் அடுக்கிச் சமைத்து மேலே தூக்கிக்கொள்ளலாம். அதேபோல், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, குவளை, பிளாஸ்டிக் மேசை விரிப்பு ஆகியவை 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது கொண்டுவந்தாலும் வாங்காமல் வாழை இலை போடுங்கள். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனோடு வாடகை எவர்சில்வர் குவளைகளை வைத்துவிடுங்கள்.

காட்பாடி கணக்குப்பிள்ளை எழுதியது:

மேலே எழுதிய இருவரோடும் நான் உடன்படவில்லை. விருந்தின் செலவைத் தீர்மானிப்பது சாப்பாட்டு வேளை. பகல் உணவு நேரத்தில் அழைத்துவிட்டு அதன் பிறகு சிக்கனம் பேசுவதில் பயன் குறைவு. மாலை நான்கரை மணிக்கு அழைத்து, கேசரி, மிளகாய் பஜ்ஜி, சேமியா கிச்சடி, காபி என்று கொடுத்தால் 80 பேருக்கும் மேற்சொன்ன தொகையில் பாதிகூட ஆகாது, சமையல்காரரும் தேவைப்படாது. ஆடிப் பகலில் வேலூரின் மொட்டை மாடியில் சூடான பிரியாணி சாப்பிடச் சொல்வது விருந்தினரைச் சோதிப்பது போன்றது என்பதையும் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

கேக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு கிலோ கேக்கை வெட்டினால் பதினைந்து, இருபது துண்டுகள்தான் வரும். எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமென்றால் நான்கு கிலோ வாங்க வேண்டியிருக்கும். படத்துக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு கிலோ வாங்குங்கள், பெரியவர்களுக்குக் கேசரி. ஆற்காடு மக்கன் பேடா என்னும் இனிப்பை ஆளுக்கு ஒன்று வைத்தால் விருந்து நினைவில் நிற்கும் என்றாலும், கேசரியைவிட அது செலவுதான்.

சத்துவாச்சாரி வாசகி எழுதியது:

மூவருக்கும் நன்றி. மாலை நேரம் எங்களுக்கும் முதலில் தோன்றியது. ஆனால் ஆடி, ஆவணியில் இங்கே பகல் முழுவதும் காய்ந்துவிட்டு மாலையில் இடியோடு மழை கொட்டுவது வழக்கம் என்பதால், மாடியை நம்பி மாலையில் அழைக்க அச்சமாக இருக்கிறது. ஆரணிக்காரர்களும் இருட்டுவதற்குள் பேருந்து ஏற வேண்டும். எனவே பகல் விருந்து, கோழிப் பிரியாணி, ஒரு கிலோ கேக், கேசரி என்று எண்ணியிருக்கிறோம். வெயிலுக்கு மாடி முழுவதும் பந்தல் போட 3,500 ரூபாய் கேட்கிறார்கள். சமையலோடு சேர்த்துப் பார்த்தாலும் வரம்புக்குள் வருகிறது. கணவரின் தொழிற்சாலை நண்பர்களையும் தெருவாரையும் மட்டும் காட்பாடி ஐயா சொன்னபடி மாலைக் காபிக்கு அழைக்கலாமா என்று யோசிக்கிறோம். அப்படிச் செய்தால் பகலில் 60 பேருக்குச் சமைத்தால் போதும். மழை வந்தாலும் மாலைக்கு வரும் 20 பேருக்குக் கூடத்திலேயே இடமிருக்கிறது.

இரண்டு ஐயங்கள் உள்ளன. மொய் எழுதலாமா? திரும்பிப் போகிறவர்களுக்கு என்ன கொடுப்பது?

குடியாத்தம் பெரியம்மா எழுதியது:

நண்பர்களை மாலைக்குப் பிரிப்பது நல்ல யோசனை, தாராளமாகச் செய்யுங்கள். தெருவாரைப் பிரிப்பதில் மட்டும் கவனம் வேண்டும். காலையில் உங்களோடு நின்று கூழ் வார்த்த அண்டை வீட்டாரைப் பகல் விருந்துக்கு அழைக்காமல் மாலைக் காபிக்கு வரச் சொல்வது சரியாகாது. இரு பக்கத்து வீட்டையும் எதிர்வீட்டையும் பகல் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மொய் நோட்டை மேசை போட்டு வாசலில் வைக்காதீர்கள். பிறந்தநாளுக்கு அது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் வழக்கமில்லை. அன்றியும், இன்று வரும் தொகை நாளை நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், அதை வரவாக எண்ணிச் செலவைக் கூட்டினால் வரம்பு வைத்ததன் பொருளே போய்விடும். குழந்தையின் கையில் கொடுப்பதை வாங்கிக்கொண்டு, யார் என்ன கொடுத்தார்கள் என்று இரவு உட்கார்ந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பிக் கொடுக்கப் பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்க வேண்டாம். தையல் இயந்திரம் வீட்டிலேயே இருக்கும்போது, மஞ்சள் காடாத் துணியை லாங்கு பஜாரில் மொத்தமாக எடுத்து, குடும்பத்துக்கு ஒன்று என்று முப்பது பைகள் தைத்துவிடுங்கள். அரசே 2021 முதல் மீண்டும் மஞ்சப்பை என்று சொல்லிக்கொண்டிருப்பதால் யாரும் குறையாக நினைக்கவும் மாட்டார்கள். உள்ளே வெற்றிலை பாக்கு, ஒரு பழம், குழந்தை உள்ள வீட்டுக்குக் கடலை மிட்டாய்.

ஆம்பூர் தேக்சா எழுதியது:

பகலில் 60 பேர் என்று உறுதியானால் அரிசியை ஐந்தரை கிலோவாகவும் கோழியை 7 கிலோவாகவும் குறைத்துக்கொள்ளுங்கள், மற்றவற்றையும் அதே அளவில் குறைக்கலாம். விறகு வேண்டாம் என்று தோன்றினால் வணிகப் பயன்பாட்டுக்கான 19 கிலோ சிலிண்டரைச் சமையல்காரரையே கொண்டுவரச் சொல்லுங்கள், வீட்டுச் சிலிண்டரைக் கொடுக்காதீர்கள். அரிசி வாங்கும்போது பழைய அரிசிதானா என்று கேட்டு வாங்குங்கள். புதிய சீரகச் சம்பா தம்மில் குழைந்துவிடும், அதை எந்தச் சமையல்காரராலும் சரிசெய்ய முடியாது.