1858ஆம் ஆண்டுத் தஞ்சைக் கல்வெட்டு ஒளிப்படம்: செயலி காட்டும் எழுத்தை நம்பலாமா?

சுவடித்தேடல் கேட்டது:

லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படையதிகாரி, சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றியபோது, 1858ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலைப் பல கோணங்களில் படமெடுத்ததோடு நில்லாமல், விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளையும் துண்டு துண்டாகப் பதிவு செய்து, 21 படங்களை அடுத்தடுத்து ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே தொடர்படமாக ஆக்கியிருக்கிறார். அதன் ஒரு பகுதியைத் திரையில் பெரிதாக்கிப் படிக்க முயன்றேன். ஓர் அளவுக்கு மேல் எழுத்துகள் மங்கிவிடுகின்றன.

செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்தைக் கூர்மையாக்கும் செயலி ஒன்றில் அப்பகுதியை இட்டபோது, மங்கலாக இருந்த இடங்களில் கோடுகள் பளிச்சென்று தோன்றின. ஆனால் அதே பகுதியைச் சற்று வேறு அளவில் வெட்டிக் கொடுத்தால், ஓர் எழுத்து வேறோர் எழுத்தாகிவிடுகிறது. இவற்றுள் எதை நம்புவது? இத்தகைய பழைய படங்களிலிருந்து கல்வெட்டைப் படிப்பதற்கு முறையான வழி ஏதும் உண்டா?

உப்புத்தாள் எழுதியது:

முதலில், படத்தில் எவ்வளவு செய்தி உள்ளது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ட்ரைப் தம் பெரிய அளவுப் படங்களுக்குப் பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவையே பயன்படுத்தினார். அக்காலத்தில் பரவிவந்த ஈரக் கொலோடியன் முறையில் கண்ணாடித் தகட்டில் பூசிய மருந்து காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகிட்ட தாளையோ முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு மாட்டுவண்டிப் பயணத்தில் எடுத்துச் செல்லலாம். அதற்குக் கொடுத்த விலை, ஒளிபடும் நேரம் நிமிடக்கணக்கில் நீண்டதும் தாளின் நார் படத்தில் பதிந்ததும்தான். அந்தப் படங்களில் கோயில் முற்றங்கள் ஆளரவமற்றுக் கிடப்பதற்கும் இதுவே காரணம்: நடமாடியவர் எவரும் தாளில் பதியவில்லை. அதைப் பார்த்துவிட்டு அன்று கோயில்கள் கைவிடப்பட்டிருந்தன என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

அக்காலத்தில் நெகட்டிவைத் தாளின்மேல் நேரடியாக வைத்து வெயிலில் அச்சிட்டார்கள். எனவே நெகட்டிவின் அளவே படத்தின் அளவு. ஆகவே நல்ல வருடியில் எடுத்த மின்படியில் வியக்கத்தக்க நுணுக்கம் கிடைக்கும். ஆயினும் ஓர் எல்லையைத் தாண்டினால் தாங்கள் காண்பது கல்லன்று, காகித நார். செயலி அந்த நாரையும் உளி வெட்டிய கோடென்று எடுத்துக்கொள்ளக்கூடும். அருங்காட்சியகம் நுணுக்கம் குறையாமல் சேமித்த டிஃப் கோப்பைத் தந்தால் அதையே இறக்கிக்கொள்ளுங்கள். ஜேபெக் கோப்பில் சுருக்கத்தின் விளைவாக எழுத்தோரங்களில் தோன்றும் சிறு கட்டங்கள் இல்லாத வளைவுகளை உண்டாக்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். ட்ரைப்பின் வானத்து மேகங்களிற் பல, நெகட்டிவின்மேல் தூரிகையால் தீட்டப்பட்டவை. அன்றைய வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கு மிகையாக வினைபுரிந்ததால் வானம் வெறும் வெண்மையாக விழுந்தது; அந்த வெறுமையை அவர் கையால் நிரப்பினார். எனவே பழைய படம் என்றாலே தூய சாட்சி என்று நானும் வாதிடமாட்டேன். அவர் தீட்டிய மேகத்தைப் பழகிய கண் பிரித்தறியும். செயலி சேர்க்கும் கோடோ சுற்றியுள்ள கல்லின் நிறத்தையும் பருமனையும் அப்படியே போலி செய்கிறது.

மைப்படி எழுதியது:

மேலே நண்பர் படத்தைப் பற்றிச் சொன்னார்; நான் எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். சோழர் காலக் கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் வடிவத்தால் பிரிக்க முடியாது. ரகரமும் ஆகாரக் காலும் ஏறத்தாழ ஒரே வடிவம். அதாவது, முழுமையாகத் தெரியும் எழுத்தையே சூழலைக் கொண்டுதான் தீர்மானிக்கிறோம். இந்நிலையில், பெரும்பாலும் இன்றைய படங்களையும் அச்செழுத்தையும் பார்த்துப் பழகிய செயலி ஒரு கோட்டை நீட்டினாலோ குறைத்தாலோ சொல்லே மாறிவிடும். தங்களுக்கு ஒரே இடத்தில் இரண்டு எழுத்துகள் கிடைத்தன என்றால், அந்த இடத்தில் படத்தில் எழுத்து இல்லை என்பதே அதன் பொருள்.

சரியான வழி பழையதுதான். கல்வெட்டாய்வாளர் ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி, 1891 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளின் மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் உள்ளன. கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிப் பள்ளங்களில் பதியவைத்து, மை ஒற்றி எடுக்கும் மைப்படிதான் கல்வெட்டாய்வாளர் படிப்பதற்கு நம்பும் படி. படத்தில் நன்றாகத் தெரியும் ஏழெட்டு எழுத்துகளை முதலில் தாங்களே கையால் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அந்தத் தொடரைத் தொகுதியில் தேடுங்கள்.

இக்கல்வெட்டுகள் வாய்பாடு போலத் திரும்பத் திரும்ப வரும் நடையில் அமைந்திருப்பது படிப்பவருக்குப் பேருதவி. பொன் கொடைப் பட்டியல்களில் "ஆடவல்லான் என்னுங் கல்லால்" (அப்பெயருடைய எடைக்கல்லால்) நிறுத்த எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று வரிசையாக வரும்: இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. கழஞ்சுக்குப் பின் வரும் மங்கலான சொல் மஞ்சாடியாக இருக்கலாம் என்று ஊகிப்பதற்கு எந்தச் செயலியும் வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன்னுள்ள எண்ணுப்பெயரை ஊகிக்கவே கூடாது. "நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி" என்று தொடங்கித் தானும் அக்கனும் (தமக்கையும்) பெண்டுகளும் மற்றவர்களும் கொடுத்தவற்றையெல்லாம் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டதே கணக்கு கெடாமல் இருக்கத்தான்.

சுவடித்தேடல் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆனால் பாடம் ஏற்கெனவே அச்சில் இருக்குமானால், படிப்பதற்கு இந்த ஒளிப்படத்தால் என்ன பயன் என்ற ஐயம் இப்போது எழுகிறது.

வடக்குமாசி எழுதியது:

பயன் உண்டு. ஹுல்ஷின் பதிப்பு வெளிவருவதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேல் முந்தியது அந்தப் படம். எந்தக் கல் அன்றே சிதைந்திருந்தது, எந்தச் சிதைவு பிற்காலத்தது என்பதை அச்சுப்பாடம் சொல்லாது, படம் சொல்லும்.

மதுரையில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. திருமலை நாயக்கர் அரண்மனையையும் ட்ரைப் அதே 1858ஆம் ஆண்டுப் பயணத்தில் படமெடுத்தார். 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில்தான் அரண்மனை பெரிதாகப் பழுதுபார்க்கப்பட்டது. ஆகவே, இன்று நாம் காணும் சுதையில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை அப்படங்களே. கோட்டைச் சுவரை இடித்து நகரை விரித்த ஆட்சியர் பிளாக்பர்னின் நினைவாக நட்ட தூணும் அந்த மதுரைத் தொகுப்பில் இருக்கிறது. துணி எடுக்கப் போகிறவர்கள் அன்றாடம் கடந்துபோகும் விளக்குத்தூண்தான் அது. சுற்றிலும் கடையோ நெரிசலோ இல்லாமல் அதைப் பார்ப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தனி வேடிக்கை.

மைப்படி எழுதியது:

வடக்குமாசி சொன்னதை ஏற்கிறேன். தொழில்நுட்பமே வேண்டாம் என்று நான் சொன்னதாக யாரும் கொள்ள வேண்டாம். 2001ஆம் ஆண்டில் எச்.பி. ஆய்வுக்கூடத்தில் டாம் மால்ஸ்பெண்டர் என்பவர் உருவாக்கிய முறை ஒன்றுண்டு: கேமராவை அசையாமல் நிறுத்தி, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு மாற்றி வரிசையாகப் படமெடுத்தால், பிறகு கணினியில் வெளிச்சத்தை வேண்டிய பக்கம் திருப்பித் தேய்ந்த வெட்டுகளையும் படிக்கலாம். கிரேக்கக் கடலில் கண்டெடுத்த ஆன்டிகித்தேரா என்னும் பழங்காலப் பல்சக்கரக் கருவியின் எழுத்துகளை ஆராயவும் இது பயன்பட்டது. இங்கே கணினி எதையும் கற்பனை செய்வதில்லை. கல்லில் விழுந்த நிழலையே காட்டுகிறது.

ட்ரைப்பின் படத்தில் ஒரே திசை வெயில்தான் இருக்கிறது. அதை மாற்ற இயலாது. ஒளி-நிழல் வேறுபாட்டை மட்டும் மெல்லக் கூட்டிப் பாருங்கள், நெகட்டிவ்போல் நிறத்தைத் தலைகீழாக்கியும் பாருங்கள். பள்ளத்தில் தங்கிய நிழல் வெள்ளையாகத் தெரியும்போது சில எழுத்துகள் எளிதில் பிடிபடும். அதன் பிறகும் தெரியாத எழுத்துக்குப் பகர அடைப்புக்குள் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குச் செல்லுங்கள். தாங்கள் வெட்டிய பகுதியின் தெளிவான எழுத்துகளை இங்கே இட்டால், தொகுதியில் அது எந்த எண்ணுள்ள கல்வெட்டு என்று தேடித் தருகிறேன்.