180 வோல்ட் டிசி மோட்டார்: பளு வந்தால் வேகம் பாதியாகுது, வேகக் குமிழை மூடினாலும் ஓடுது

ஆலை வயர்மேன், சுங்கை சிப்புட்
வணக்கம். செம்பனை ஆலையில் பருப்பு சைலோவுக்குக் கீழே இருக்கும் ஸ்க்ரூ ஃபீடர். மோட்டார் 1.5 குதிரைத்திறன், 1500 ஆர்பிஎம், ஆர்மேச்சர் (சுழலும் சுருள்) 180 வோல்ட், 7.5 ஆம்பியர், ஷன்ட் ஃபீல்டு (காந்தப்புலச் சுருள்) 200 வோல்ட். சப்ளை 240 வோல்ட் ஒற்றை ஃபேஸ். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் இரண்டு எஸ்சிஆர் (பல்ஸ் கொடுத்தால்தான் திறக்கும் டயோடு), இரண்டு சாதா டயோடு. வேகத்தை அளந்து கார்டுக்குச் சொல்லும் ஃபீட்பேக் கிடையாது. ஆர்மேச்சர் மின்தடை 2 ஓம்.
காலியாக 300 ஆர்பிஎம் வைத்தால் ஒழுங்கா ஓடுது, பருப்பு விழுந்ததும் பாதிக்கு இறங்கிடுது. பளுவோடு குமிழைச் சட்டென்று மூடினால் சில நேரம் நிற்காமல் ஓடுது. சீரிஸ்ல சோக் (கரண்டைச் சீராக்கும் சுருள்) போட்டால் தீருமா அண்ணே?

சார்ஜ்மேன், தெலுக் இந்தான்
முதல் கோளாறுக்குச் சோக் மருந்து இல்லை தம்பி. முழுப் பளுவில் 7.5 ஆம்பியர் × 2 ஓம் = 15 வோல்ட் ஆர்மேச்சருக்குள்ளேயே போய்விடும். 180 வோல்ட்டில் அது பெரிசாத் தெரியாது. 15 போக மிச்சம் 165 வோல்ட்டுக்கு 1500 ஆர்பிஎம் என்றால், 300 ஆர்பிஎம்முக்கு வேண்டியதே சுமார் 33 வோல்ட்தான், அதில் 15 போனால் மிச்சம் 18. வேகம் 165 பக்கம் வந்து நிற்கும். சோக் கரண்டின் அலைவைக் குறைக்கும், பிரஷ் பொறியும் சூடும் குறையும். போன வோல்ட்டை அது திருப்பித் தராது.
கன்ட்ரோல் கார்டில் ஐஆர் காம்பன்சேஷன் திருகு (பளு ஏறும்போது வோல்ட்டை ஏற்றிக் கொடுப்பது) இருந்தால், பளுவோடு ஓடவிட்டு 300 திரும்பும்வரை மெல்ல ஏற்றுங்க. மோட்டார் ஏறி இறங்கி ஆட ஆரம்பித்தால் அதிகம், கொஞ்சம் பின்னுக்கு.

பேனல் கட்டுபவர், ஈப்போ
இரண்டாவது கோளாறுதான் ஆபத்து. எஸ்சிஆர் இரண்டும் மேல் (பிளஸ்) பக்கம், டயோடு இரண்டும் கீழ் (மைனஸ்) பக்கமா? அப்படியென்றால் பல்ஸை நிறுத்திய பிறகும் ஆர்மேச்சர் கரண்ட் ஓடிக்கொண்டிருந்த எஸ்சிஆர் வழியாகவே சுற்றும். 10 மில்லி நொடிக்குள் அது பூஜ்யத்துக்கு இறங்காவிட்டால், அடுத்த பாதி அலையை அதே எஸ்சிஆர் பல்ஸ் இல்லாமலே முழுசா விடும். சராசரி சுமார் 108 வோல்ட்! சோக் போட்டால் கரண்ட் இன்னும் நீண்டு நிற்கும், கோளாறு கூடும்.
அதனால் சோக்குக்கு முன்னால் ஃப்ரீவீலிங் டயோடு, கரண்ட் எஸ்சிஆரை விட்டு அதன் வழியாகச் சுற்ற. 25 ஆம்பியர், 800 வோல்ட், பிரிட்ஜின் பிளஸ் முனையில் கேத்தோடு. திருப்பிப் போட்டால் முதல் பல்ஸிலேயே ஃபியூஸ் போகும்.

ஆலை வயர்மேன், சுங்கை சிப்புட்
ஆமாண்ணே, எஸ்சிஆர் இரண்டும் மேல் பக்கம்தான். டெக்கோ (வேகத்துக்கு ஏற்ப வோல்ட் தரும் சிறு ஜெனரேட்டர்) வைக்கலாமா?

சார்ஜ்மேன், தெலுக் இந்தான்
வைக்கலாம், அதுதான் சரியான வழி. 1000 ஆர்பிஎம்முக்கு 60 வோல்ட் ரகம் என்றால் 300-ல் 18 வோல்ட் வரும். கார்டில் மாட்டுமுன் ஷாஃப்டை ஓடும் திசையில் கையால் சுற்றி, மீட்டரில் பிளஸ் எது என்று பாருங்க. முனை மாறினாலும் வயர் அறுந்தாலும் மோட்டார் முழு வேகத்துக்குப் பாயும். ஃபீல்டு வயருக்கும் ஒரு ரிலே வேண்டும், ஃபீல்டு போனதும் ஆர்மேச்சரை வெட்ட. காலியாக ஓடும்போது ஃபீல்டு அறுந்தால் வேகம் கட்டுக்கடங்காது. 300-லேயே நாள் முழுக்கப் பளு இழுத்தால் மோட்டாரின் சொந்த விசிறி போதாது, தனி விசிறி வையுங்க.

பேனல் கட்டுபவர், ஈப்போ
அலைவடிவம் பார்க்க ஆசிலாஸ்கோப் எடுத்தால், அதன் எர்த் கிளிப்பைப் பிரிட்ஜில் எங்கேயும் மாட்டாதீங்க. இது நேரடி மெயின்ஸ். எர்த்தோடு சேராமல் இரு முனைக்கு நடுவே அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் மட்டும்தான்.