கம்ப்ரஷனுக்கு ‘மிகைத்தணிப்பு’: சிந்த் சத்தத்தை வச்சு ஒரு பரிந்துரை

எல்லாருக்கும் வணக்கம்,

ஆடியோ கம்ப்ரஷனுக்கு, அதாவது ஒலியில ரொம்பப் பெரிசா வர்ற இடங்களை இறக்குற வேலைக்கு, தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஓடுற இந்த இழையில இதுவரைக்கும் அமுக்கம், சுருக்கம், ஒடுக்கம், நிரவல்னு நாலு சொல் வந்திருக்கு. நடுவுல ஒரு தம்பி சிந்தசைசர் (மின்னணு முறையில ஒலியை உண்டாக்குற கருவி, சுருக்கமா சிந்த்) சத்தத்துக்கு கம்ப்ரஷன் போடணுமா வேண்டாமான்னு கேட்டிருந்தாரு, அதை எல்லாரும் தாண்டிப் போயிட்டோம். அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொன்னா நமக்கு வேண்டிய சொல்லும் அதுலயே கிடைச்சிடும்னு நினைக்கிறேன், அதனால அதுலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், மடல் கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல கம்ப்ரசர் என்ன செய்யுதுன்னு ஒரு கணக்கா பாத்துடலாம். த்ரெஷோல்டு, அதாவது கம்ப்ரசர் வேலையை ஆரம்பிக்கிற கோடு, மைனஸ் 20 டெசிபெல்; ரேஷியோ, அதாவது கோட்டைத் தாண்டினதை எத்தனையால வகுக்கணும்ங்கிறது, 4:1. உள்ள வர்ற சத்தம் மைனஸ் 12-ல வருதுன்னா அது கோட்டைத் தாண்டி 8 டெசிபெல் மேல நிக்குது, அந்த 8-ஐ நாலால வகுத்து 2 ஆக்கி மைனஸ் 18-ல வெளிய விடும். கோட்டுக்குக் கீழ இருக்கறதை அது தொடவே தொடாது. அப்புறம் நாம மேக்கப் கெயின்ல, அதாவது இறங்கினதை ஈடுகட்ட மொத்த சத்தத்தையும் ஏத்துற திருகுல, 6 டெசிபெல் ஏத்துறோம் பாருங்க, அப்பதான் மெல்லிசா இருந்ததெல்லாம் மேல வந்து சத்தம் “தடிமனா” ஆன மாதிரி கேக்குது. தடிமனாக்குனது கம்ப்ரசர் இல்ல, அந்த ஏத்தம்தான், ஆனா புதுசா மிக்ஸ் பண்ண வர்றவங்க முக்கால்வாசிப் பேரு கம்ப்ரஷன்னாலே தடிமனாக்குற வேலைன்னு நினைச்சு கண்ணுல படுற எல்லா ட்ராக்லயும் ஒண்ணு போட்டுட்டுப் போறாங்க.

இப்ப சிந்துக்கு வருவோம். குரலோ கையால வாசிச்ச பேஸ் கிட்டாரோ ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவுல வரும், ஒரு சொல் மைக்கை உடைக்கும், அடுத்த சொல் காணாமப் போகும், அங்க கம்ப்ரசருக்கு உண்மையிலேயே வேலை இருக்கு. சிந்துல அப்படி இல்ல. ஒலி அலையை உண்டாக்குற ஆசிலேட்டர் ஒரே அளவுலதான் ஓடிட்டே இருக்கும், அதோட ஏற்ற இறக்கத்தை என்வலப்தான், அதாவது நோட் எப்படி எழுந்து நின்னு அடங்கணும்ங்கிற அமைப்புதான், தீர்மானிக்குது, அந்த என்வலப்பை அமைச்சது நாமதான். 1970-ல வந்த மினிமூக், 1978-ல வந்த ப்ராஃபெட் 5 இதுலல்லாம் எவ்வளவு வேகமா கட்டையை அடிச்சாலும் ஒரே சத்தம்தான், வெலாசிட்டியே கிடையாது. அந்த மாதிரி ஒரு பேட் சத்தத்தை (நீளமா நின்னு ஒலிக்கிற சத்தம்) கட்டையை விடாம சஸ்டெய்ன்ல பிடிச்சு வச்சுட்டு மேல சொன்ன அதே செட்டிங்ல, அதே மைனஸ் 12 அளவுல கம்ப்ரசர் போட்டுப் பாருங்க, எவ்வளவு இறக்குதுன்னு காட்டுற மீட்டர் முள்ளு மைனஸ் 6-க்குப் போயி அங்கேயே ஆடாம நிக்கும். ட்ராக்கோட சத்தத்தை ஏத்தி இறக்குற ஃபேடரை 6 டெசிபெல் இறக்கினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? மேக்கப் கெயின்ல 6 ஏத்துனா கிளம்பின இடத்துக்கே வந்து நிக்கறோம், மாற்றம் ஏதாச்சும் இருந்தா நோட் ஆரம்பிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துலதான் இருக்கும்.

1983-ல யமஹா டிஎக்ஸ் 7 வந்துச்சு, இசைக்கருவிகள் ஒண்ணோட ஒண்ணு பேசுற மிடி முறையும் அதே வருஷம்தான், வெலாசிட்டி 1 முதல் 127 வரைக்கும்னு ஆச்சு, அதனால இன்னைக்கு சிந்துலயும் நோட்டுக்கு நோட்டு ஏத்த இறக்கம் வருது, சரி. ஆனா அது ஒத்துவரலேன்னா நோட்டெல்லாம் கட்டம் கட்டமா தெரியுற பியானோ ரோலைத் திறந்து வெலாசிட்டியைத் திருத்தலாம், இல்ல சிந்துலயே வெலாசிட்டி எவ்வளவு சத்தத்தைப் பாதிக்கணும்ங்கிறதைக் குறைக்கலாம். குரலுக்கு இந்த வசதி கிடையாது, பாடினவங்க பாடினதுதான். பிரச்சினை பிறந்த இடத்துலயே கை வைக்க முடியும்போது எதுக்கு அதைப் பின்னாடி ஒரு பெட்டியில பிடிச்சு இழுக்கணும்?

அப்ப சிந்துக்கு கம்ப்ரசரே வேணாமான்னா, அப்படியும் சொல்ல மாட்டேன். ஃபில்டர்ல ரெசனன்ஸை (வெட்டுற இடத்துல இருக்கற அதிர்வெண்ணை உப்ப வைக்கிறது) நல்லா ஏத்தி வச்சு கட்டாஃபைத் (அந்த வெட்டுற இடம்) திருகுனா அது ஒவ்வொரு ஹார்மானிக்கையும் (நோட்டுக்குள்ள இருக்கற மேல் அதிர்வெண்) தாண்டும்போது சத்தம் திடீர்னு குதிக்கும், அது எந்த இடத்துல குதிக்கும்னு கையால ஆட்டோமேஷன் (சத்தம் எங்கெங்க ஏறி இறங்கணும்ங்கிற கோடு) எழுதுறது பெரும்பாடு, அங்க கம்ப்ரசர் சரியான ஆள். மூணு நாலு சிந்தை ஒரே பஸ்ல (பல ட்ராக் ஒண்ணா சேர்ற பொது வழி) சேத்து அனுப்பும்போது எல்லாம் ஒண்ணா வந்து முட்டுற இடத்துல ரெண்டு டெசிபெல் பிடிச்சா அடுக்கு நல்லா உக்காரும். பிளக் சத்தத்துல, அதாவது தந்தியைக் கிள்ளுன மாதிரி வர்ற சத்தத்துல, கம்ப்ரசரோட அட்டாக்கை (அது பிடிச்சு இறக்க எடுத்துக்கற நேரம்) 20, 30 மில்லிசெகண்ட் தாமதமா வச்சா முன்னால வர்ற அந்தக் கிள்ளு அப்படியே தப்பிச்சுப் போகும், பின்னால வர்ற உடம்பு மட்டும் இறங்கும், கிள்ளு இன்னும் கூர்மையா கேக்கும். இது பழுது பாக்குற வேலை இல்ல, சத்தத்துக்கு வடிவம் கொடுக்கற வேலை, அதையும் நான் மனசார ஏத்துக்குவேன்.

ஆனா சிந்த் பேஸ் விஷயத்துல மட்டும் ரொம்பக் கவனமா இருக்கணும்ங்க. ரெண்டு ஆசிலேட்டர், ஒண்ணு 55 ஹெர்ட்ஸ், இன்னொண்ணு லேசா டிட்யூன் ஆகி, அதாவது சுருதி விலகி, 55.5 ஹெர்ட்ஸ்னு வச்சுக்கங்க. ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை அடிச்சுருதி (நோட்டோட அடிப்படை அதிர்வெண்) ரெண்டும் சேந்து 6 டெசிபெல் ஏறும், நடுவுல ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு இல்லாமலே போயிடும். பேஸ் வருது போகுது வருது போகுதுன்னு இருக்கேன்னு கம்ப்ரசர் போட்டா மேடு மட்டும்தான் இறங்கும், இல்லாமப் போன இடத்துல அதால ஒண்ணும் கொண்டுவர முடியாது, அங்க சிக்னலே இல்லியே. ஒரு ஆசிலேட்டரை அணைச்சா வேலை முடிஞ்சுது. அதே மாதிரி 50 ஹெர்ட்ஸ் நோட்டுக்கு ஒரு சுத்து 20 மில்லிசெகண்ட், நீங்க அட்டாக், ரிலீஸ் (பிடிச்சதைத் திரும்ப விடுற நேரம்) ரெண்டையும் அதைவிட ரொம்பச் சின்னதா வச்சீங்கன்னா கம்ப்ரசர் சத்தத்தோட அளவை விட்டுட்டு அலையோட ஒவ்வொரு வளைவையும் துரத்த ஆரம்பிச்சிடும், ஒரே சுத்துக்குள்ள பிடிச்சு விட்டு பிடிச்சு விட்டு அலையோட வடிவத்தையே கெடுத்து டிஸ்டார்ஷனாக்கிடும். 1967-ல வந்த 1176 கம்ப்ரசர்ல அட்டாக் 20 மைக்ரோசெகண்ட் வரைக்கும் போகும், அந்த வேகம் எல்லா சத்தத்துக்கும் தோதுப்படாது.

இனி சொல்லுக்கு வர்றேன். சுருக்கம் வேணாம்னு சொல்றேன், ஏன்னா அது கோப்பைச் சுருக்குறதுக்கு ஏற்கெனவே நிலைச்சுப்போன சொல், எம்பி3 ஆக்குறதும் சுருக்கம், இதுவும் சுருக்கம்னா ஒரே துறையில ரெண்டு வேலைக்கு ஒரே பேராயிடும், ஆங்கிலத்துல இருக்குற அந்தக் குழப்பத்தை நாம ஏன் காசு கொடுத்து வாங்கணும். அமுக்கம்ங்கிறது இலங்கைத் தமிழ்ல நாம அழுத்தம்னு சொல்றதுக்கே புழங்குற சொல், ஒலியே காத்துல அழுத்த மாற்றமாத்தானே போகுது, அதனால அங்க படிக்கிறவங்களுக்கு இது வேற எங்கயோ கொண்டுபோகும். ஒடுக்கம்னா முதல்ல ஞாபகம் வர்றது ஒடுக்குமுறை. நிரவல் எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல், மேடு பள்ளத்தை நிரவுறதுன்னு பொருள் அழகா உக்காருது, பழைய எல்ஏ-2ஏ கம்ப்ரசர் பெட்டியோட பேர்லயே லெவலிங் ஆம்ப்ளிஃபையர்னுதான் இருக்கு. ஆனா நாம எழுதறது இசைக்காரங்களுக்கு. கர்நாடக இசை தெரிஞ்சவங்ககிட்ட நிரவல்னா ஒரே வரியை எடுத்துக்கிட்டு ராகத்துல விரிச்சு விரிச்சுப் பாடுறது, அது விரிவு, இது தணிவு, நேர் எதிர். அந்தச் சொல்லை அவங்ககிட்டேர்ந்து எடுக்கறது நியாயமில்ல.

என்னோட பரிந்துரை மிகைத்தணிப்பு, கருவிக்கு மிகைத்தணிப்பி. கோட்டைத் தாண்டி மிகையா நிக்கறதைத் தணிக்குது, அவ்வளவுதான் அது செய்யற வேலை, சொல்லும் அதைத்தான் சொல்லுது. “இந்தப் பேடுக்கு மிகைத்தணிப்பு வேணுமா?”ன்னு ஒருத்தர் கேட்டா, கேக்கும்போதே “இதுல மிகை எங்க இருக்கு?”ன்னு அவருக்கே தோணணும், தம்பி கேட்டதுக்கும் என் பதில் இதுதான், மிகை இருந்தா போடுங்க, இல்லேன்னா என்வலப்பைத் திறங்க. நீளமா இருக்கேன்னு சொல்வீங்க, முதல் தடவை முழுசா எழுதிட்டு அப்புறம் தணிப்பின்னே எழுதிக்கலாம். அப்வேர்டு கம்ப்ரஷன் மிகையைத் தொடாம கீழ இருக்கறதை மேல ஏத்துதேன்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு குறையேற்றம்னு வச்சா மிகையும் குறையும் ஜோடியா நிக்கும். த்ரெஷோல்டுக்குப் புதுசா தேட வேணாம், இயற்பியல் பாடத்துல பயன்தொடக்க அதிர்வெண்னு இருக்கு, அதே வழியில பயன்தொடக்கம்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும், அட்டாக் ரிலீஸ் ரெண்டையும் தாக்கு, விடுவிப்புன்னு அப்படியே பெயர்க்கறதை தயவுசெஞ்சு விட்டுடலாம். சிந்தோட என்வலப்புல அட்டாக்னா சத்தம் எழுந்து உச்சிக்குப் போற நேரம், கம்ப்ரசர்ல அட்டாக்னா அது சத்தத்தைப் பிடிச்சு இறக்க எடுத்துக்கற நேரம், ஒண்ணு ஏறுது இன்னொண்ணு இறங்குது, ரெண்டுக்கும் ஒரே பேரு. சிந்துல கம்ப்ரசர் போடுறவங்க இந்த ரெண்டையும் ஒரே நேரத்துல கையாளணும், குழம்பாம என்ன செய்வாங்க. ஸ்டுடியோவுல எல்லாரும் வாயால சொல்றதே “கம்ப்ரசர் பிடிக்குது, லேட்டா விடுது”ன்னுதான், அதையே எடுத்துக்கிட்டு கம்ப்ரசருக்கு பிடிநேரம், விடுநேரம்னும், என்வலப்புக்கு எழுநேரம், அடங்குநேரம்னும் வைக்கலாம்.

சைட்செயினுக்குத்தான், அதாவது ஒரு சத்தத்தை வச்சு இன்னொண்ணை இறக்குறதுக்குத்தான், எனக்கு இன்னும் சரியா அமையல. கிக் ட்ரம் விழும்போது பேட் இறங்குதுன்னா மிகை பேட்ல இல்ல, வேற ஒரு சத்தம் வந்து இதைத் தணிக்கச் சொல்லுது. அயல்தூண்டல்னு ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேன், அதைவிட நல்லதா யாருக்காவது தோணுச்சுன்னா இதே இழையில போடுங்க, அடுத்த சொற்பட்டியல் போறதுக்குள்ள சேத்துடலாம்.

அன்புடன்