நத்தம் – திண்டுக்கல் நடை: செருப்பு போட்டால் அது பாதயாத்திரை இல்லையாமே?

நத்தம் ரோட்டுக்காரன்:
தைப்பூசத்துக்குப் பழனி நடந்ததைப் பற்றி இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். "செருப்பு போட்டு நடந்தவன் பாதயாத்திரை போகவில்லை, ஊர் சுற்றப் போனான்" என்று முடித்திருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. நான் காரைக்குடியிலிருந்து நடந்தவன். நத்தத்தில் விடிகாலை 3 மணிக்குக் கிளம்பினோம். பனியில் தலைத்துண்டு நனைந்துவிட்டது. கோபால்பட்டியில் டீ. சாணார்பட்டி வரும்போது உச்சி வெயில், தார் ரோட்டில் கால் வைக்க முடியவில்லை. செருப்பு போட்டேன். திண்டுக்கல் சேர இருட்டிவிட்டது. அன்று நடந்தது 35 கிலோமீட்டருக்கு மேல். அதெல்லாம் ஊர் சுற்றியதா?

குன்றக்குடி வேலன்:
எழுதியது நான்தான். ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். காரைக்குடி பக்கம் குன்றக்குடியில் கூடிக் கிளம்புகிற நகரத்தார் (செட்டியார்) காவடி பழனிக்குப் போவதும் நடை, திரும்புவதும் நடை. அதில் யார் காலிலாவது செருப்பு பார்த்திருக்கிறீர்களா? எங்கள் ஐயா (தாத்தா) நடந்தார், அப்பச்சி (அப்பா) நடந்தார், நான் 19 வருடமாக நடக்கிறேன். கொப்புளம் வந்தால் ஊசியில் நூல் கோத்து நீரை இறக்கிவிட்டு மறுநாள் நடப்போம். செருப்பைத் தேட மாட்டோம்.

நத்தம் ரோட்டுக்காரன்:
காவடி எடுத்தவரைப் பற்றி நான் பேசவே இல்லை அண்ணே. கைவீசி நடப்பவரைச் சொல்கிறேன்.

குன்றக்குடி வேலன்:
காவடியோ கைவீச்சோ, மாலை போட்டாயிற்றா இல்லையா? மாலை போட்டவன் காலில் தோல் எதற்கு?

நத்தம் ரோட்டுக்காரன்:
ரப்பர் செருப்பு.

குன்றக்குடி வேலன்:
ரப்பராக இருந்தால் என்ன, தங்கமாக இருந்தால் என்ன? செருப்பு செருப்புதான்.

திருப்பத்தூர் மகள்:
என் அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதம் மரத்துப்போய்விட்டது, முள் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலோடு போனால்தான் பலன் என்று உங்களைப் போல ஒருவர் சொன்னதை நம்பி, சாக்ஸ் மட்டும் போட்டு நடந்தார். ஒட்டன்சத்திரத்தில் சாக்ஸைக் கழற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்திருக்கிறார். புண் ஆற 3 மாதம் ஆனது. அந்த 3 மாதமும் கட்டு மாற்றியது நான். தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள்.

குன்றக்குடி வேலன்:
தங்கச்சி, நோயாளியை வெறுங்காலோடு வா என்று முருகன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. சாக்ஸ் போட்டது மட்டும் வெறுங்காலா?

திருப்பத்தூர் மகள்:
நான் சொன்னதில் உங்களுக்கு அந்தச் சாக்ஸ்தான் கண்ணில் பட்டதா?

எடப்பாடி பக்தன்:
பழனி நடை என்றாலே காரைக்குடிதான் என்று எழுதுகிறீர்களே, எங்கள் பருவதராஜகுலச் சமூகத்தின் காவடி கண்ணில் படவில்லையா? எடப்பாடியிலிருந்து நடந்து வந்து, மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்கிறோம். இரவு மலையில் தங்கும் உரிமை எங்களுக்குத்தான் உண்டு. எது மூத்த காவடி, சொல்லுங்கள்.

குன்றக்குடி வேலன்:
மூத்ததோ இளையதோ, உங்கள் காவடிக்காரர் செருப்பு போடுகிறாரா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

எடப்பாடி பக்தன்:
நான் கேட்டது வேறு.

நத்தம் ரோட்டுக்காரன்:
அண்ணே, ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். போன வருடம் சமுத்திராப்பட்டியில் உங்கள் பையை வேனில் ஏற்றிவிட்டுக் கைவீசி நடந்தீர்கள். நான் 6 கிலோவை முதுகில் சுமந்து நடந்தேன். அன்று நான் உங்களை ஒரு வார்த்தை சொன்னேனா?

குன்றக்குடி வேலன்:
பை வேறு, செருப்பு வேறு. பை முதுகில் இருப்பது. பாதயாத்திரைக்குப் பேரே பாதத்தில் இருக்கிறது தம்பி. மண்ணும் பாதமும் தொட வேண்டும்.

நத்தம் ரோட்டுக்காரன்:
மண் எங்கே இருக்கிறது? நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை தார். ஓரத்தில் இறங்கினால் ஜல்லி, உடைந்த பாட்டில். ஐயா காலத்து மண்பாதையை வைத்து இன்று என்னை அளக்காதீர்கள்.

குன்றக்குடி வேலன்:
ஜல்லி என் காலிலும்தான் குத்துகிறது. 19 வருடமாகக் குத்துகிறது.

நத்தம் ரோட்டுக்காரன்:
அடுத்த தைக்கும் இதே செருப்போடுதான் வருவேன்.

குன்றக்குடி வேலன்:
வாருங்கள். சாணார்பட்டி அன்னதானப் பந்தலில் நானும் பரிமாறுவேன். உங்களுக்கும் இலை உண்டு. ஆனால் நான் எழுதியது எழுதியதுதான். செருப்பு போட்டால் அது பாதயாத்திரை இல்லை.

எடப்பாடி பக்தன்:
எது மூத்த காவடி என்று கேட்டேனே, இன்னும் பதில் வரவில்லை.