மறு: மூச்சுத் தொல்லையோடு வரும் கல்லீரல் சீழ்க்கட்டி – என்ன சொல்லலாம்?

வணக்கம்.

கல்லீரலில் சீழ் பிடித்து (liver abscess) அதோடு மூச்சுத் தொல்லையும் வருவதற்குத் தமிழ்ச் சொல்லாக வந்த ‘நுரையீரல்சார் கல்லீரல் கட்டி’ என்ற முன்மொழிவு எனக்கு இரண்டு இடத்தில் உறுத்துகிறது. முதலில் அந்த வெறும் ‘கட்டி’. ஸ்கேன் அறிக்கையில் அப்படி எழுதிக் கொடுத்தால் வீட்டில் எல்லாரும் புற்றுநோய் என்றே எடுத்துக்கொள்வார்கள். இது பாக்டீரியாவால் சீழ் பிடித்தது, ஊசியோ குழாயோ போட்டுச் சீழை எடுத்துச் சில வாரம் ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும் என்று புரியவைப்பதற்குள் அவர்களுக்குப் பாதி உயிர் போய்விடும். ஆகவே சீழ்க்கட்டி. ‘சீழ்க்கோவை’ அழகான சொல்தான், ஆனால் நீர்க்கோவை மாதிரி, ஏற்கெனவே இருக்கும் இடைவெளியில் கோத்துக்கொள்வதற்குத்தான் அது பொருந்தும். நுரையீரல் உறைக்குள் சீழ் கோத்தால் என்ன சொல்வது, அதற்கு எடுத்து வைப்போம். கல்லீரலில் திசுவே அழிந்து குழிவிழுந்து அதில் சீழ் நிற்கிறது.

அடுத்து ‘நுரையீரல்சார்’. நோய் இருப்பது நுரையீரலில் இல்லையே! கல்லீரலின் வலது மடலின் உச்சியில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை ஒட்டிச் சீழ் பிடித்தால் வறட்டு இருமல் வரும், மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தும், சிலருக்கு விக்கல் நிற்காது. உதரவிதான நரம்பு கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகளிலிருந்து இறங்குவதால் வலது தோளிலும் வலிக்கும். எக்ஸ்ரேயில் வலப்பக்க உதரவிதானம் மேலே ஏறி நிற்கும், அதற்கு மேல் கொஞ்சம் நீரும் கோத்திருக்கும். நிமோனியா என்று மருந்து ஓடும், காய்ச்சல் இறங்காது, அப்புறம் யாராவது வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். போதாக்குறைக்கு, 1980களிலிருந்து தைவானில் அதிகமாகப் பதிவான, சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கிற வகைக்குக் காரணமான கிருமியின் பெயரே கிளெப்சியெல்லா நிமோனியே! அது இரத்தத்தில் ஏறிக் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகும். நுரையீரலில் சின்னச் சின்னதாகச் சீழ் பிடித்துவிட்டால் அதைப் ‘பரவிய சீழ்க்கட்டி’ என்று தனியாகச் சொல்லலாம். மற்றதெல்லாம் ‘மூச்சு அறிகுறியுடன் கல்லீரல் சீழ்க்கட்டி’, நீளம்தான், பரவாயில்லை.

சீழ் உதரவிதானத்தைத் துளைத்து மூச்சுக்கிளைக்குள், அதாவது நுரையீரலுக்குள் காற்றுப் போகும் கிளைக்குழாய்க்குள், வழி (fistula) உண்டாக்கிக்கொள்வது அரிது. அதற்குக் ‘கல்லீரல்–மூச்சுக்கிளைப் புரை’ என்கிறேன். பவுத்திரம் வேண்டாம், அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லாருக்கும் நினைவு வருவது ஆசனவாய்தான். புரையோடிப்போச்சு என்பது எல்லாருக்கும் தெரியும்.

அமீபாவால் வருவதைத் தயவுசெய்து தனியாக வையுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது சீழே இல்லை, கரைந்துபோன கல்லீரல் திசு. அதன் நிறத்தை ஆங்கிலத்தில் anchovy sauce என்பார்கள், அதை நெத்திலிச் சாறு என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். நம் ஊர் நெத்திலிக் குழம்பை நினைத்துக்கொண்டு தேடினால் எந்த மருத்துவ மாணவருக்கும் அது அகப்படாது, சாக்லேட் நிறம் என்றாலே போதும்.

புரைக்கு இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றச் சம்மதம். சீழ்க்கட்டியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.