ஹேண்ட்பிரேக் 11 கிளிக் வரை மேலேறுகிறது: வீட்டிலேயே சரிசெய்யலாமா?

ஈசூன் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது 2014ஆம் ஆண்டில் பதிவுசெய்யப்பட்ட ஜப்பானியச் சிறு கார். முன்சக்கர இயக்கம், ஆட்டோ கியர், பின்சக்கரங்களில் டிரம் பிரேக், இருக்கைகளுக்கு நடுவில் கையால் இழுக்கும் ஹேண்ட்பிரேக். இங்கே சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை 2024இல் புதுப்பித்ததால் இப்போது ஆண்டுதோறும் வாகனச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அடுத்த சோதனைக்கு ஆறு வாரங்கள் உள்ளன.

சென்ற சனிக்கிழமை இரவு எங்கள் புளோக்கின் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில், முன்னால் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்ததால், நான் சரிவின் பாதியில் நிற்க நேர்ந்தது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன். கார் ஏறக்குறைய ஒரு சாண் அளவு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. பின்னால் யாரும் இல்லை என்றாலும் மனம் பதறிவிட்டது. மறுநாள் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிடியை இழுக்கும்போது கேட்கும் 'கிளிக்' ஒலியை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபோது, கைப்பிடி 11 கிளிக் வரை மேலேறிய பிறகுதான் ஓரளவு பிடிப்பு தெரிந்தது. காரின் கையேட்டில் 6 முதல் 9 என்று போட்டிருக்கிறார்கள்.

இணையத்தில் நான் பார்த்த காணொளிகளில், கைப்பிடியின் அடியில் இருக்கும் நடுப்பெட்டியைக் கழற்றி, உள்ளே கேபிள் முனையில் உள்ள நட்டை இரண்டு மூன்று சுற்று முறுக்கினால் போதும் என்று காட்டுகிறார்கள். பத்து நிமிட வேலைபோலத் தெரிகிறது. இது மட்டும் போதுமா? டயர் மாற்றுவது, எஞ்சின் எண்ணெய் மாற்றுவது போன்றவற்றை நானே செய்திருக்கிறேன். டிரம்மை இதுவரை திறந்ததில்லை. செம்பவாங்கில் மாமா வீட்டு வாசலில் சமமான சிமெண்டுத் தரை இருக்கிறது, அங்கே வைத்துச் செய்யலாம். அம்மாவும் பிள்ளைகளும் ஏறும் வண்டி என்பதால், தெரிந்தவர்களிடம் கேட்காமல் கைவைக்க விருப்பமில்லை.

பழைய பட்டறைக்காரர் எழுதியது:

வணக்கம் தம்பி. கைவைக்கும் முன் கேட்டது மிகவும் நல்லது, ஏனென்றால் நீங்கள் பார்த்த காணொளிகள் வேலையின் கடைசிப் படியை முதல் படியாகக் காட்டுகின்றன. சின் மிங் வட்டாரப் பட்டறையில் நான் வேலை பார்த்த காலத்தில், நட்டை மட்டும் முறுக்கிவிட்டுச் சில மாதங்கள் கழித்துச் சக்கரம் சூடாகிறது என்று வந்து நின்ற வண்டிகள் பல.

கைப்பிடி ஏன் உயரமாக ஏறுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். நீங்கள் இழுக்கும்போது கேபிள் பின்னால் போய், சக்கரத்தோடு சுழலும் ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் பின்பக்க ஷூவில் (ஷூ என்பது டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த பிரேக் கட்டை) மாட்டியிருக்கும் ஒரு சிறு நெம்புகோலை இழுக்கிறது. அந்த நெம்புகோல் இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உட்சுவரில் அழுத்துகிறது. ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் தேயத் தேய அதற்கும் டிரம்முக்கும் இடையிலான இடைவெளி கூடுகிறது. அந்த இடைவெளியைக் கடக்கவே கைப்பிடி கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் கேபிள் நீண்டுபோய்விட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். புதுக் கேபிள் போட்ட தொடக்கத்தில் சிறிது நீள்வது உண்மைதான், ஆனால் அதன் பிறகு நீங்கள் எண்ணிய கூடுதல் கிளிக்குகளுக்குக் காரணம் பெரும்பாலும் டிரம்முக்குள்தான் இருக்கும்.

அந்த இடைவெளியைத் தானாகவே குறைப்பதற்காக இரண்டு ஷூக்களுக்கும் நடுவில் திருகுமரை உள்ள ஒரு தண்டும், அதன்மேல் சிறு பல் சக்கரமும் இருக்கின்றன. நம் ஊர் ஈரக்காற்றிலும் மழையிலும் அந்தத் திருகுமரை துருப்பிடித்து இறுகிவிட்டால், பல் சக்கரம் சுற்றாது, இடைவெளி கூடிக்கொண்டே போகும். அப்படி நின்றுபோன நிலையில் நீங்கள் மேலே நட்டை முறுக்கினால், டிரம்முக்குள் இருக்கும் நெம்புகோல் தன் ஓய்விடத்துக்குத் திரும்பாமல் பாதி இழுத்த நிலையிலேயே நின்றுவிடும். அதன் பிறகு தானியங்கிச் சரிசெய்தல் ஒழுங்காக வேலை செய்யாது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடவும் கூடும். ஆகவே முதலில் டிரம், பிறகு ஷூ இடைவெளி, கடைசியில்தான் நட்டு.

செய்யும் முறையைச் சொல்கிறேன். சமதளத்தில் நிறுத்தி, கியரை பி நிலையில் வைத்து, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பி நிலை முன்சக்கரங்களை மட்டுமே பூட்டும், ஹேண்ட்பிரேக்கை இந்த வேலைக்காக முழுவதும் தளர்த்தப் போகிறீர்கள், ஆகவே கட்டை இல்லாமல் தொடங்கவே கூடாது. ஜாக்கியால் உயர்த்திய பிறகு, கையேட்டில் காட்டிய இடங்களில் ஸ்டாண்டு கொடுத்து அதன்மேல் வண்டியை இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குப் பக்கத்தில் கையை நீட்டாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் டிரம் பெரும்பாலும் எளிதில் வராது. அதன் முகத்தில் திருகுமரையுள்ள இரண்டு சிறு துளைகள் இருக்கும். பல ஜப்பானிய வண்டிகளில் அவற்றுக்கு 8 மில்லிமீட்டர் போல்ட்டு பொருந்தும். இரண்டையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். உள்ளே படிந்திருக்கும் கறுந்தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். முகக்கவசம் அணிந்து, அடியில் ஒரு தட்டு வைத்து, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். அந்தக் கழிவு வடிகாலில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நம் வடிகால் நீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்கே போகிறது.

பிறகு லைனிங்கை அளந்து பாருங்கள். என் கைக்கு வந்த பெரும்பாலான சிறு கார்களில் குறைந்தபட்சத் தடிமன் 1 மில்லிமீட்டர் என்றே இருந்தது. நான் 2 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்றச் சொல்வேன். டிரம்மின் அதிகபட்ச விட்டம் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கால் பிரேக்கை மிதிக்கும்போது ஷூக்களை விரிக்கும், மேலே உள்ள வீல் சிலிண்டரின் ரப்பர் உறையின் ஓரத்தை மெல்ல விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் கண்டால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு ஏற்பாடு செய்யுங்கள், அது வீட்டில் செய்யும் வேலை அன்று. இன்னொன்றை மறக்கவே கூடாது: டிரம் கழற்றியிருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. மிதித்தால் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும்.

பல் சக்கரம் விரலால் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றாவிட்டால் தண்டைக் கழற்றி, கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸை மிக மெல்லியதாகப் பூசுங்கள். லைனிங்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே பிரியுங்கள். இடப்பக்கத் தண்டின் மரையும் வலப்பக்கத் தண்டின் மரையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றுபவை, மாற்றி மாட்டினால் எதிர்விளைவே கிடைக்கும். மேலும், எந்த ஸ்பிரிங் எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால், பிரிக்காத மறுபக்கத்தைப் பார்த்துத் தெளிந்துகொள்ளலாம்.

டிரம்மை மாட்டிய பிறகு, டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, ஸ்குரூடிரைவரால் பல் சக்கரத்தை டிரம் அசையாமல் நிற்கும் வரை சுற்றுங்கள். பிறகு அதன் தடுப்புத் தகட்டை மெல்லிய கம்பியால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, டிரம் தடையில்லாமல் சுழலும் வரை பின்னோக்கித் தளர்த்துங்கள்; என் அனுபவத்தில் இது 6 முதல் 8 பல் வரை வரும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். கால் பிரேக்கைப் பலமுறை மிதித்து, பெடல் கெட்டியானதும் கிளிக்கை எண்ணுங்கள். இப்போதும் கூடுதலாக இருந்தால்தான் மேலே உள்ள நட்டு, அதுவும் அரைச்சுற்று அரைச்சுற்றாக.

உபி பெண் ஓட்டுநர் எழுதியது:

ஐயா சொன்னதற்கு நானே சாட்சி. நான் தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கைப்பிடி உயர்ந்துவிட்டது என்று நானே நடுப்பெட்டியைத் திறந்து, நட்டை நான்கு சுற்று முறுக்கினேன். கைப்பிடி மூன்றாவது கிளிக்கிலேயே கல்லாக நின்றது. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. நான்கு நாள் கழித்து துவாஸுக்கு ஒரு பயணியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கருகிய துணி வாடை வந்தது. எண்ணெய் நிலையத்தில் நிறுத்திப் பார்த்தால் வலது பின்சக்கரத்தின் அருகில் கையை நீட்ட முடியாத அளவுக்கு அனல். பட்டறையில் டிரம்மைத் திறந்தபோது லைனிங் கண்ணாடிபோல வழுவழுப்பாகி, டிரம்மின் உட்புறம் நீலம் பாய்ந்திருந்தது. ஷூ, டிரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று, இரண்டு நாள் வருமானமும் போனது.

அன்று ஒரே ஒரு சோதனையைச் செய்திருந்தால் தப்பித்திருப்பேன்: பின்சக்கரங்கள் தரையில் படாமல் இருக்கும்போதே, கைப்பிடியை முழுவதும் இறக்கிவிட்டு இரண்டு சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்ப்பது. தம்பி, அதைச் செய்யாமல் வண்டியைக் கீழே இறக்காதீர்கள். முதல் கிளிக்கிலேயே டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதா, இறக்கியதும் அணைகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங் மோ கியோ அண்ணன் எழுதியது:

மாமா வீட்டைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பிரித்துப் பழுதுபார்க்க விதிகள் இடம் தருவதில்லை, தவிர அந்தத் தரையும் பல இடங்களில் லேசான சாய்வாகவே இருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு குறிப்பு. பொத்தானை இழுத்தால் வேலை செய்யும் மின் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. அவற்றில் கணினிக் கருவியாலோ கையேட்டில் சொன்ன முறையாலோ பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோன பிறகே பின்பிரேக்கைத் தொட வேண்டும்.

தம்பிக்கு ஒரு கேள்வி: நீங்கள் அன்றாடம் ஹேண்ட்பிரேக்கை இழுக்கிறீர்களா, அல்லது பி நிலையில் போட்டுவிட்டு இறங்கிவிடுகிறீர்களா? நம் ஊர் பெரும்பாலும் சமதளமாக இருப்பதால் பலருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. பி நிலையில் வண்டியைத் தாங்குவது கியர்ப்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு இரும்புக் கொக்கி மட்டுமே. சரிவில் நிறுத்தும்போது, காலைப் பிரேக்கில் வைத்தபடியே நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டியின் பாரம் ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பிறகு, மீண்டும் காலை வைத்து பி நிலைக்கு மாற்றுங்கள். புறப்படும்போது கியரில் 'டக்' என்று அறையும் சத்தம் கேட்காது.

ஈசூன் வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்ணன் கேட்டது உண்மைதான். சரிவைத் தவிர மற்ற இடங்களில் நான் ஹேண்ட்பிரேக்கைத் தொட்டதே இல்லை.

நேற்று காலை செம்பவாங்கில் வேலையை முடித்தேன். வாசலில் பழைய தமிழ் முரசு நாளிதழ்களை விரித்து, இடப்பக்கத்திலிருந்து தொடங்கினேன். அங்கே லைனிங் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது, பல் சக்கரம் விரலால் எளிதாகச் சுற்றியது. வலப்பக்க டிரம் போல்ட்டை முறுக்கிய பிறகும் வரவில்லை. ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி அரை மணி நேரம் ஆயிற்று. திறந்தால், ஐயா சொன்னபடியே திருகுமரை முழுவதும் செந்நிறத் துரு, பல் சக்கரம் அசையவே இல்லை. லைனிங் அங்கேயும் நன்றாகவே இருந்தது, சிலிண்டரும் உலர்ந்திருந்தது. தண்டைக் கழற்றி, துரு நீக்கும் எண்ணெயில் ஊறவைத்து, தூரிகையால் தேய்த்ததும் மரை சுற்றத் தொடங்கியது. எண்ணெய் ஒட்டாமல் துடைத்து, கிரீஸ் பூசி மாட்டினேன். ஸ்பிரிங்கை மாட்டும்போது இருமுறை சந்தேகம் வந்தது, இருமுறையும் கைப்பேசியில் எடுத்திருந்த படம் காப்பாற்றியது.

இரண்டு பக்கமும் இடைவெளியைச் சரிசெய்து, பிரேக்கை மிதித்துவிட்டு எண்ணியபோது 8 கிளிக். நட்டைத் தொடவே இல்லை. சக்கரங்கள் கையால் தடையில்லாமல் சுழன்றன, விளக்கும் முதல் கிளிக்கில் எரிந்தது. சக்கர நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கிய பிறகு, செம்பவாங்கிலிருந்து வீட்டுக்கு ஓட்டிவந்து இரண்டு பின்சக்கரங்களின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே அளவான இளஞ்சூடு. அதே சரிவில், பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து, காலைப் பிரேக்கின் மேலேயே தயாராக வைத்துக்கொண்டு சோதித்தேன். வண்டி அசையவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 8 என்பது கையேட்டின் எல்லைக்குள் இருந்தாலும் மேல்பக்கமாக இருக்கிறதே, நட்டை அரைச்சுற்று முறுக்கி 7க்குக் கொண்டுவரலாமா?

பழைய பட்டறைக்காரர் எழுதியது:

வேண்டாம் தம்பி, இப்போது விட்டுவிடுங்கள். வலப்பக்கத் தண்டு இத்தனை நாள் அசையாமல் இருந்ததால், அந்த ஷூக்கள் டிரம்மில் புதிதாகப் படிந்துகொள்ளச் சில நாள் தேவைப்படும். இனிமேல் ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஹேண்ட்பிரேக்கை இழுங்கள். பல ஜப்பானிய வண்டிகளில் அந்த இழுப்பும் பல் சக்கரத்தைச் சிறிது நகர்த்தும் என்பதால், கிளிக் தானாகவே ஒன்று குறையக்கூடும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணிப் பாருங்கள். 9ஐத் தாண்டியிருந்தால், நட்டை நோக்கிப் போகாமல் வலப்பக்க டிரம்மை மறுபடியும் திறங்கள். துருவேறிய அந்தத் தண்டையே மாற்ற வேண்டியிருக்கும்.