காற்றில் இவ்வளவு ஒட்சிசன் இருந்தும் மீன் ஏன் சாகிறது?

காசல்ரீ அம்மா:
எங்கள் லயத்துக்குக் கீழேதான் காசல்ரீ நீர்த்தேக்கம். லீவு நாளில் பையன்கள் தூண்டில் போட்டுத் திலாப்பியா பிடித்து வருவார்கள். அது வாளிக்குள் பூவை (செவுளை) விரித்து விரித்துத் துடிக்கும். தரம் 7 படிக்கும் என் மகன் கேட்கிறான்: "தண்ணீரைவிடக் காற்றில்தானே ஒட்சிசன் கூட? வெளியே வந்தால் இன்னும் நன்றாக மூச்சு விட வேண்டாமா?" தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் உயிரியல் ஆசிரியர்:
தங்கச்சி, மகன் கேட்டது அருமையான கேள்வி. ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் இருக்கிறது. குளிர்ந்த நன்னீரில் 7 அளவில்தான். முப்பது மடங்கு வித்தியாசம்.

ஆனால் பூ தண்ணீருக்கென்றே அமைந்த உறுப்பு. பூமூடியைத் தூக்கினால் சிவப்பு இழைகள் தெரியும். ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தண்ணீர் தாங்கும்வரை அவை விரிந்து நிற்கும். வெளியே எடுத்தால், குளித்தெழுந்தவரின் தலைமயிர்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்சிசன் நுழையும் பரப்பு சுருங்கிவிடும், காயவும் தொடங்கும். சுற்றிலும் காற்று இருந்தும் உள்ளே எடுக்க வழியில்லை.

இன்னொன்றையும் மகனுக்குச் சொல்லுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தகடுகளுக்குள் இரத்தம் ஒரு திசையில் ஓட, வெளியே தண்ணீர் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒரே திசையில் ஓடினால் பாதியளவில் இரண்டும் சமமாகி, பரிமாற்றம் நின்றுவிடும். எதிரெதிராக ஓடுவதால் இரத்தம் போகுமிடமெல்லாம் தன்னைவிட ஒட்சிசன் கூடிய தண்ணீரையே சந்திக்கிறது. சில மீன்கள் தண்ணீரிலுள்ள ஒட்சிசனில் 80 சதவீதம் வரை எடுத்துக்கொள்கின்றன. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஒட்சிசனில் கால்வாசிதான் எடுக்கிறோம்!

லிந்துலை:
சேர், இந்தப் பூ முதலில் மூச்சுக்காகவே தோன்றியதா?

ஹட்டன் உயிரியல் ஆசிரியர்:
அப்படித் தெரியவில்லை. நம் தூரத்து உறவான அம்பியொக்சஸ் என்ற சிறிய கடல் உயிரியின் தொண்டையில் பிளவுகள் உண்டு. அவை தண்ணீரை வடித்து இரை பிடிக்கத்தான், மூச்சு பெரும்பாலும் தோல் வழியே. இன்றும் பல மீன்குஞ்சுகளின் பூ முதலில் உப்புகளை உறிஞ்சுகிறது, மூச்சு வேலை பிறகுதான் வருகிறது. உடல் பெருத்து, இரையைத் துரத்தத் தொடங்கியபோது தோல் மட்டும் போதாமல் போனது. அப்புறம்தான் பூவுக்கு இந்தப் பொறுப்பு.

வெலிமடைத் தம்பி:
நான் அனுராதபுரத்தில் வேலை செய்கிறேன். இங்கே விரால் ஈரச்சாக்கில் மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கிறதே, சேர்?

ஹட்டன் உயிரியல் ஆசிரியர்:
தம்பி, விராலுக்குப் பூவுக்கு மேலே காற்றை அடக்கும் அறை ஒன்று உண்டு. அதன் சுவரில் இரத்தக்குழாய்கள் நிறைய. வெப்பமான, கலங்கிய குளத்தில் ஒட்சிசன் குறைவென்பதால் அந்த வசதி வந்திருக்கிறது. பூ மட்டும் போதாததால், மேலே வந்து காற்றை விழுங்க முடியாவிட்டால் அது தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். ஆகவே ஊருக்கு உயிரோடு கொண்டுவந்தால் வாளியை விளிம்புவரை நிரப்பி மூடாதீர்கள்.